முகாம் பட்டியலில் என் பெயர்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். விடுப்புக் கடிதத்துக்கு மேல் பெரிதாக எதையும் எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் நாட்டு விஷயம் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரே ஒரு நாள் இந்த நாட்டில் நானும் அகதியாக இருந்திருக்கிறேன். அதை வேறு யார் எழுதுவார்கள்?

எடப்பாடிப் பக்கம் ஒரு விசைத்தறிப் பட்டறையில் எனக்குப் பக்கத்துத் தறி ஓட்டுகிறவர் இலங்கை அக்கா. சண்டைக்குப் பயந்து வயிற்றுப் பிள்ளையோடு படகேறி வந்தவர். அந்தச் சத்தத்தில் இருபது வருடமாக என் காதோடு வாய் வைத்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான். அவர் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் வீட்டில் "சோறு ஆச்சா?" என்ற கணவரிடம், ஆமாம் என்பதற்கு அக்கா மாதிரியே "ஓம்" என்றுவிட்டேன். "ஏன், மந்திரமெல்லாம் சொல்றே?" என்றார்.

அந்த வயிற்றுப் பிள்ளைக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர்வெல் போடப் போகிறவன். வாயைத் திறந்தால் வார்த்தைக்கு ஒரு 'ங்க'.

போன வருடம் அவர்கள் இருக்கிற அகதி முகாமில் பழைய கொட்டகைகளை இடித்துவிட்டு வீடுகள் கட்டினார்கள். வாசல் போர்டிலும் 'அகதிகள்' என்பதை அழித்து 'மறுவாழ்வு' என்று எழுதினார்கள். ஒரு கோட்டிங் பெயிண்ட்தான் போலிருக்கிறது, வெயிலில் இரண்டும் சேர்ந்தே தெரியும். அவனோ மனைவி, கைக்குழந்தையோடு அம்மாவின் ஒற்றை அறையில், சேலைத் திரைக்கு அந்தப் பக்கம் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். முகாம் பட்டியல் சரிபார்ப்பில் பெயர் விட்டுப்போனால் தனி வீடு கிடையாது என்றார்கள். சரிபார்க்க வந்தவர் சென்னைப் பக்கத்துப் புது அதிகாரி.

"நீயும் சாட்சிக்கு வந்து நில்லு பிள்ளை" என்று அக்கா என்னை இழுத்துப் போனார். போய் நின்ற நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடிவிட்டார்.

"இந்தப் போட்டோ உன்னுதா?" என்று அதிகாரி அவனைக் கேட்டார். அகதி அட்டையில் அஞ்சாம் வகுப்புப் பையன். எதிரில் மீசையும் தொப்பையும்.

"ஆமாங்க சார். அப்ப ஒல்லியா இருந்தனுங்க."

"பேச்சு சுத்தமா இந்த ஊர்ப் பேச்சா இருக்கே. அடுத்தவன் அட்டையில வீடு வாங்க வந்தியா?"

"ஐயோ, இல்லீங்க சார்! நம்மூடு அந்தக் கடைசிங்க."

"அப்ப இலங்கைத் தமிழ் பேசு பாப்போம்."

அவனுக்கு வேர்த்தது. சின்ன வயதில் அம்மா மாதிரியே பேசிக் கேலி செய்வான். இப்போது ஒன்றும் வரவில்லை. "எங்கம்மா கதைக்குமுங்க. நானுங் கதைப்பனுங்க."

வரிசையே சிரித்தது. அதிகாரி பேனாவை மூடினார். அவன் மனைவி குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

நான் முன்னால் போய் வாயைத் திறந்தேன். பயந்தால் எனக்கு அக்காவின் தறிப் பேச்சுதான் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஓம் சார், அவன் இஞ்சதான் பிறந்தவன். எனக்கு வடிவாத் தெரியும்."

"ஆங்! இது இலங்கைத் தமிழ்!" அதிகாரி முகம் மலர்ந்தது. "பேர் சொல்லுங்கம்மா."

கேட்டார், சொன்னேன். "இந்தம்மா பேரே பட்டியல்ல இல்லை. இத்தனை வருஷமா என்ன பண்ணீங்க?" என்று உதவியாளரைத் திட்டிக்கொண்டே எழுதினார். மறுத்துப் பேச எனக்கு வெட்கம். வீடு எனக்குக் கிடைத்துவிடும் போலிருந்தது. அவனுக்குத்தான் இல்லை.

நல்லவேளை, அக்கா குடத்தோடு திரும்பினார். "ஐயா, அவ எடப்பாடிக்காரி. என்னோட கதைச்சுக் கதைச்சுக் கெட்டுப்போனவ."

"நெஜமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க சாமி. எங்கூடு பக்கத்துலதானுங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இங்க யாருதான் அகதி?"

"ஓடி வந்தது நான்" என்றார் அக்கா. " அவன் ஓடி வரேல்ல, உங்கட ஆஸ்பத்திரியில பிறந்தவன். பிறந்த பிள்ளைக்கு அகதி எண்டு அட்டை தந்தது நீங்கள். இப்ப உங்கட ஊர்ப் பிள்ளை மாதிரிக் கதைக்கிறான், வீடு இல்லை எண்டு சொல்லுறதும் நீங்கள். ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "பழைய பதிவேட்டைப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்."

ஓடி வந்தவர்களுக்கு நாடு இடம் கொடுத்தது பெரிய காரியம்தான். ஆனால் முப்பது வருடம் இங்கே வளர்ந்தவன் இந்த ஊர்ப் பேச்சுப் பேசினால் அதற்குச் சந்தோஷப்பட வேண்டாமா? நான் எங்கே பிறந்தேன் என்று அன்றுவரை என்னை யாரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பதும் ஒரு வீடு மாதிரிதான் என்று திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பழைய பதிவேட்டில் அவன் பெயர் இருந்தது. கடைசி வரிசையில் ஒரு வீட்டை அவனுக்கு எழுதினார்கள். என் பெயரை அடித்தார்கள். எனக்கு அன்றைக்குப் பகல் ஷிப்டு; தறிச் சத்தத்தில் அக்காதான் என் காதோடு வாய் வைத்துச் சொன்னார்.