மலையேறாத எலும்பு

பாபநாசத்தில் குற்றாலலிங்கத்தைத் தெரியாதவர்கள் குறைவு. வாடகைக் கார் ஓட்டுவார். அகத்தியரைக் கும்பிடப் பொதிகை உச்சிக்குப் போகிறவர்களுக்கு முன்னால் வழிகாட்டி நடப்பார். பதினெட்டு வருஷம் நடந்தார். முழங்கால் தேய்ந்துபோனதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்து மார்கழியில் ஃபூமியே என்கிற அம்மாள் அவர் காரில் ஏறினார். ஜப்பானில் ஒரு கடலோர ஊர், எழுபது வயது. கூட வந்து அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னவர் பள்ளிக்கூட வாத்தியார் ஞானசம்பந்தன். அந்த ஊரில் மலை நேராகக் கடலுக்குள் இறங்குமாம். அருவியே அங்கே சாமி. அதன் தலைமாட்டில் வைக்கோல் கயிறு கட்டி, வருஷத்துக்கு இரண்டு தடவை மாற்றுவார்களாம். படத்தைக் காட்டினார்.

"நம்ம பாணதீர்த்த அருவிக்கு அக்கா மாதிரில்லா இருக்கு" என்றார் குற்றாலலிங்கம்.

முன்காலத்தில் அந்தக் கரையிலிருந்து துறவிகள் தெற்கே புறப்படுவார்களாம். படகுக்குத் துடுப்பு கிடையாது. நடுவிலிருக்கும் சின்ன அறைக்குள் துறவியை உட்காரவைத்து வெளியே ஆணி அடித்துவிடுவார்கள். ஒரு மாதத்துக்கு விளக்குக்கு எண்ணெய், கொஞ்சம் உணவு. கடலுக்கு அப்பால் கன்னோன் என்ற கருணைத் தெய்வத்தின் மலை இருக்கிறது, அங்கே போய்ச் சேர்வார்கள் என்று நம்பிக்கை. சேர்ந்ததாக ஒரு தகவலும் வந்ததில்லை. சிலரை அலையே திருப்பிக் கொண்டுவந்து போட்டிருக்கிறது.

அந்த மலை பொதிகைதான் என்று ஃபூமியேயின் கணவர் எங்கோ படித்திருந்தார். மீன்பிடிக் கப்பலில் சமையல்காரர். பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்து இறந்துபோனார்.

காரையாறு அணைவரை கார் போயிற்று. மலை மேகத்துக்குள் இருந்தது. ஒரு மணிநேரம் நின்றும் விலகவில்லை. ஃபூமியே கைப்பையிலிருந்து சின்ன மரப்பெட்டி ஒன்றை எடுத்தார். உள்ளே பட்டுத்துணியில் சுற்றிய கணவரின் எலும்பு. அதை உச்சியில் வைக்க வேண்டும் என்றார்.

"கொண்டுபோய் வச்சிருதேம்மா" என்றார் குற்றாலலிங்கம். சொல்லும்போதே முழங்கால் வலித்தது.

மாசியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை கிளம்பினார். இரண்டு தடவையும் முதல் ஏற்றத்திலேயே திரும்பிவிட்டார். வேறு ஆளிடம் கொடுத்துவிட்டால் கால் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடும்.

"என்ன வே, ஜப்பான்காரிக்கு வாக்குக் கொடுத்தீராமே" என்று கார் நிறுத்தத்தில் கேலி செய்தார்கள். "மலை இன்னும் அங்கனதான் நிக்கி."

"நிக்கட்டும் வே. அது எங்க ஓடிரப் போவுது?"

எலும்பு வீட்டுக்குள் ஆகாது என்று பெட்டியைக் கொல்லைப் பூவரசில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மனைவி கோமுவுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"பிள்ளையப் பொண்ணு பாக்க ஆளு வாரப்ப, கொல்லையில எலும்பு தொங்குது. நாலு எட்டு வச்சா ஆறு. கரைச்சிட்டு வாங்க. எந்தச் சீவனுக்கும் அதவிட என்ன வேணும்?"

அவருக்கும் அது சரியாகவே பட்டது. ஆடி அமாவாசையன்று பாபநாசப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைத்து, தன் அப்பாவுக்குச் செய்ததுபோலவே செய்தார். பெயர் தெரியாததால் 'ஜப்பான் ஐயா' என்று சொன்னார். எலும்பைத் துணியோடு ஆற்றில் விட்டார். பெட்டியை நன்றாக அலசி வெயிலில் காயவைத்தார்.

தொண்ணூற்றேழு தையில் ஃபூமியே மறுபடியும் வந்தார், வாத்தியாரோடு. வைத்த இடத்தைக் கீழேயிருந்து விரலால் காட்டினால்கூடப் போதும் என்றார். அன்றைக்கு மலையில் மேகமே இல்லை. உச்சிப் பாறை துல்லியமாகத் தெரிந்தது. விரலை அந்தப் பக்கம் நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். குற்றாலலிங்கம் படித்துறைக்குக் கூட்டிப்போனார்.

"இங்கன ஆத்துல விட்டு, நம்ம முறைப்படி எல்லாம் செஞ்சாச்சுன்னு சொல்லுங்க சார். ஒரு குறையும் வைக்கல."

ஞானசம்பந்தன் சொன்னார். ஃபூமியே தன் தொண்டையைத் தொட்டு ஏதோ பேசினார்.

"தொண்டை எலும்பாம் வே அது" என்றார் வாத்தியார். "பாத்தா, ஆளு கும்பிட்டு உக்காந்திருக்க மாதிரியே இருக்குமாம். சாம்பல்ல தேடி எடுத்து வச்சிருக்காங்க. மலையில உக்கார வைக்கணும்னு."

"நான் துணியப் பிரிச்சுப் பாக்கல சார்."

இந்த ஆறு எங்கே போகிறது என்று ஃபூமியே கேட்டார். வாத்தியார் அதைத் தமிழில் சொன்னார். குற்றாலலிங்கமே கையை மலைக்குக் காட்டி, பைய இறக்கி, கிழக்கே நீட்டி, விரல்களை அலைபோல ஆட்டினார். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அவர் கொண்டுவந்திருந்த பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தார் ஃபூமியே. உள்ளே தூசிகூட இல்லை. மூடி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அவருக்கு முன்னால் இடுப்புவரை குனிந்து நிமிர்ந்தார். பிறகு காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

குற்றாலலிங்கம் இப்போது வண்டி மட்டும் ஓட்டுகிறார். உச்சிக்கு வழிகாட்டக் கூப்பிட்டு யார் வந்தாலும் முதல் பேச்சே இதுதான்:

"கால்முட்டு போயிட்டு தம்பி. வேற ஆளப் பாருங்க."