அப்பாவின் வயிற்றில் வைக்க இருந்த செம்பு

அன்று காலை வீட்டுக்குள் அப்பா, அம்மா, பெரியப்பா, செம்பு வைக்கிறவர், நான். அண்ணன் இல்லை. அப்பாவின் ஆபரேஷனுக்காக ஏர்மாடு இரண்டையும் சந்தைக்கு ஓட்டிப் போயிருந்தான். அவன் திரும்பியதும் ஜூஜுவாடியில் பஸ் பிடித்துப் பெங்களூர் போவதாக ஏற்பாடு.

முந்தின வாரம் அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். இதயத்திலிருந்து இறங்கி வயிற்று வழியாகப் போகும் பெரிய ரத்தக்குழாய், ஓரிடத்தில் நைந்து சாத்துக்குடி அளவுக்கு உப்பியிருக்கிறது என்றார். "யாரையும் வயித்தை அமுக்க விடாதே. வெடிச்சா இங்க கொண்டுவர நேரம் இருக்காது."

அன்று விடிந்ததிலிருந்தே அப்பாவுக்கு முதுகுவலி. பட்டி சரிந்துவிட்டது என்று பெரியப்பா முடிவு கட்டினார். தொப்புளுக்கு நேரே துடிக்க வேண்டிய துடிப்பு இடம் மாறினால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வெறும் வயிற்றில் வெற்றிலை வைத்து, அதன்மேல் எரியும் திரி வைத்து, செம்பைக் கவிழ்ப்பார்கள். திரி அணைந்ததும் செம்பு வயிற்றைக் கவ்வி இழுக்கும். அப்புறம் கட்டைவிரலால் அமுக்கி நீவுவார்கள். அதற்காகத்தான் அத்திப்பள்ளியிலிருந்து செம்புக்காரரைப் பெரியப்பா அழைத்து வந்திருந்தார்.

செம்புக்காரர் அப்பாவின் வயிற்றில் விரல் வைத்தார். "நோடப்பா, துடிப்பு எங்க இருக்கு பாரு. தொப்புளுக்கு மேல, எடப்பக்கம் ஏறிப்போச்சு. பட்டியேதான்."

டாக்டர் தொட்டதும் அதே இடம். அம்மா திரியைப் பற்றவைத்தாள். நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"எடுடா கைய," என்றார் பெரியப்பா. "நாலு எழுத்துப் படிச்சவன் சொன்னான்னு ஏர்மாடு போச்சு. இனி அப்பனையும் அறுக்கக் குடுக்கப்போறியா?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. டாக்டர் என் இரு கைகளையும் பிடித்து அந்தத் துடிப்பின் இரு பக்கமும் வைத்துக் காட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"பெரியப்பா, நீங்களும் கொஞ்சம் படுங்க."

"எனக்கென்னடா வந்துச்சு?"

"படுங்க சாமி," என்று சிரித்தார் செம்புக்காரர். "உங்களுக்கும் ஒண்ணு போட்டுடலாம்."

திட்டிக்கொண்டே பெரியப்பா தம்பிக்குப் பக்கத்தில் படுத்தார். துடிப்புக்கு இரண்டு பக்கமும், அமுக்காமல், கையை வைத்துப் பார்க்கச் செம்புக்காரரிடம் சொன்னேன். பெரியப்பாவின் ஒட்டிய வயிற்றில் அவர் கைகள் மேலே எழும்பித் தணிந்தன. அவ்வளவுதான். அப்பாவின் வயிற்றில், ஒவ்வொரு துடிப்புக்கும் அவருடைய இரு கைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. வெகுநேரம் பார்த்தார். மெல்லக் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இது அகலமாகுது. பட்டி அகலமாகாதப்பா." அம்மாவின் கையிலிருந்த திரியை அவரே ஊதி அணைத்தார்.

அப்பா கண் திறந்தார். "அறுத்து என்ன செய்வாங்களாம்?"

அதுவரை அவர் கேட்டதே இல்லை. "மாட்டைக் கட்டிக் கிணத்துல கவலை ஓட்டுறப்ப, தண்ணி கொட்டுற தோல்வால் நைஞ்சு பொடைச்சா என்னப்பா செய்வோம்?"

"சாக்கு சுத்தித் தைப்போம். இல்லேன்னா அந்தத் துண்டை வெட்டிட்டு வேற தோல் வைப்போம்."

"அதேதான். வெட்டிட்டு வேற குழாய் வைக்கிறதை வெளிநாட்டுல இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்களாம். இங்க கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒண்ணைச் சுத்தி விடுவாங்க. அதைச் சுத்தித் தழும்பு ஏறி இறுகிக்குமாம்."

"சாக்கு சுத்தினா ஒரு போகம் தாங்கும்."

"ஆபரேஷன்லயே உசுருக்கு ஆபத்து வரலாம்னும் சொன்னாரு."

"சும்மா விட்டா?"

"எப்ப வேணாலும் பிஞ்சுடும்."

அப்பா வாசலைப் பார்த்தார். "மாட்டை ஓட்டிட்டுப் போனவன் இன்னுமா வரல?"

உச்சிவேளையில் அண்ணன் வந்தான், தோளில் வெறும் கயிறுகளோடு. பஸ்ஸில் பெரியப்பாவும் ஏறிக்கொண்டார். அப்பாவின் வயிற்றுக்கும் முன் இருக்கையின் இரும்புக் கம்பிக்கும் நடுவே தன் கையைக் கொடுத்து, பெங்களூர் வரைக்கும் எடுக்கவில்லை. "குழி வருது, புடிச்சுக்க," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒரு போகம் தாங்கும் என்ற அப்பா, ஆபரேஷனுக்கு அப்புறம் ஐந்து போகம் பார்த்தார். கவலை மட்டும் ஓட்டவில்லை.

மாடு விற்றது நானூற்று இருபது. கேட்காமலே பெரியப்பா கொண்டுவந்து வைத்தது எண்பது. எல்லாம் கரைந்தது. செம்புக்காரர் கூலி வேண்டாமென்றுவிட்டார்; வழிச்செலவுக்கு அம்மா அவர் கையில் திணித்ததையும் சேர்த்தால், மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாய் நாலணா.