அட்டையில் வெட்டிய கேஸ்கட்

போன வருடம் நவராத்திரிக்கு முந்தைய வாரம். ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வரும் டிசைன் இன்ஜினீயர் நான். அழுத்தக் கலன்கள், அதாவது ராட்சத பிரஷர் குக்கர்கள் செய்யும் சின்னத் தொழிற்கூடம் எங்களுடையது. முதன்முறையாக ஒரு கலனின் கணக்கு முழுவதையும் நானே தனியாகப் போட்டிருந்தேன். தலைகால் புரியவில்லை.

கலனுக்கும் மூடிக்கும் பிளாஞ்ச் என்கிற இரும்பு விளிம்பு உண்டு. இரண்டுக்கும் நடுவே, குக்கர் ரப்பர் மாதிரி, ஒரு கேஸ்கட் வளையம் வைத்து போல்ட் முடுக்குவோம். அதை வெட்டி வாங்கிவர, அரியமங்கலத்தில் கேஸ்கட் பட்டறை நடத்தும் பெண்ணிடம் போனேன். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். வரைபடத்தைப் பார்த்ததுமே, இந்த அளவில் வெட்டினால் போல்ட்டுகளுக்குள் ஆடும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. மூன்று முறை சரிபார்த்த கணக்கு, உள்ளபடியே வெட்டுங்கள் என்று விறைப்பாகச் சொன்னேன். எங்கள் கலனுக்கு வேண்டிய கேஸ்கட் ரகத்தில் அவரிடம் இருந்ததோ ஒரே ஷீட். மறுநாள் காலை வாடிக்கையாளர் முன்னிலையில் கலனில் தண்ணீர் நிரப்பிக் கசிவுச் சோதனை.

அவர் முகம் சுளிக்கவில்லை. பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை எடுத்து, என் அளவிலேயே ஒரு வளையம் வெட்டி நீட்டினார்.

"ஷீட்டை வெட்டிட்டா ஒட்ட முடியாதுங்க மேடம். இதைப் போட்டுப் பாருங்க. சரியா உக்காந்தா ஒரு போன் பண்ணுங்க, அப்படியே வெட்டிடறேன்."

பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா வளையத்தைப் பார்த்து, கொலுவில் சாமிக்குப் பின்னால் வைக்கும் திருவாசியா என்று விசாரித்தார். விளக்கப் பொறுமையில்லாமல் ஆமாம் என்றேன்.

தொழிற்கூடத்துக்கு வந்து பிளாஞ்சில் வைத்தால், வளையம் அங்குமிங்கும் ஜாலியாக நகர்ந்தது. போல்ட் வட்டத்தின் விட்டத்திலிருந்து பக்கத்துக்கு அரை போல்ட் தடிமன் கழிக்க வேண்டிய இடத்தில், முழு போல்ட் தடிமனைக் கழித்து வளையத்தைச் சின்னதாக்கியிருக்கிறேன். வெல்டர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, ஷீட் இன்னும் முழுசாக இருந்தது.

போன் செய்து, நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். குத்திக்காட்டுவார் என்று காத்திருந்தேன்.

"புது அளவைச் சொல்லுங்க மேடம், எழுதிக்கறேன்."

அவ்வளவுதான். மறுநாள் சோதனையில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

அட்டை வளையம் இப்போது என் மேசைக்கு மேலே தொங்குகிறது. அதென்ன என்று கேட்பவர்களிடம், என் முதல் டிசைன் என்கிறேன். நான் கேட்டபடியே வெட்டிக் கொடுத்திருந்தால் அந்தப் பட்டறைக்காரர்மேல் ஒரு பழியும் வந்திருக்காது. அத்தனை விறைப்பாகப் பேசிய நான் அவமானப்படக் கூடாது என்று அவர் நினைத்தாரே, அதை எண்ணும்போதெல்லாம் இன்றும் என் மனசு நெகிழ்ந்துவிடுகிறது.