மூன்று தரம் கூப்பிடுகிறவர்

பெயரைக்கூடக் கூப்பிடாமல் ஒரு மனிதனைக் குற்றவாளியாக்க முடியுமா? இந்தக் கேள்வியைச் சிமியோன் தொலைக்காட்சிப் பெட்டியிடம்தான் கேட்கிறார்.

குருநகரில் ஞாயிறு பூசை முடிந்ததும் லூர்த்தம்மா வீட்டு முற்றத்தில் வாடகை வீடியோவில் படம் போடுவார்கள். படத்தில் வழக்கு வந்துவிட்டால் அவருக்குப் பொறுக்காது.

"உவன் ஆர்? பேர் கூப்பிடமுதல் சாட்சிக் கூட்டிலை ஏறிறான்!"

நீதிபதி மேசையில் சுத்தியலால் அடிக்கிறார்.

"முப்பத்தொரு வருசம் கோட்டிலை நிண்டனான். ஒரு நீதவானின்ரை கையிலையும் சுத்தியலைக் காணேல்லை. தச்சுப்பட்டறையே உது?"

"சிமியோன் அண்ணை, உங்களுக்குப் பென்சன் தந்தாச்சு. எங்கடை நீதவானைத் தீர்ப்புச் சொல்ல விடுங்கோ," என்கிறாள் லூர்த்தம்மா. முற்றம் சிரிக்கிறது. அவர் சிரிப்பதில்லை.

பெயர் கூப்பிடுவதுதான் அவர் வேலையாக இருந்தது. நீதிமன்ற வாசலில் நின்று, தகப்பன் பெயரையும் சேர்த்து, மூன்று தரம். இனிமையான குரல் என்று சொல்லமாட்டேன், காதை அறுக்கும். ஆனால் கோழி திருடியவனையும் அந்தக் குரல் மூன்று தரம் கூப்பிட்டது. மூன்றாம் தரமும் பதில் வராவிட்டால்தான் 'ஆள் இல்லை' என்று எழுதுவார்கள்.

அவருடைய மகன் பிலிப்புவை ஒருவரும் ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை. எண்பத்து நான்கு மாசியில், கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவனை இராணுவம் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனது. எட்டு மாதம் ஆகிறது. குற்றப்பத்திரிகை இல்லை, வழக்குத் தவணை இல்லை. படத்தில் கொலைகாரனுக்கே இரண்டு வழக்கறிஞர்கள் கத்துகிறார்கள். வலை பொத்தியவனுக்காக வாய் திறக்க இங்கே ஒரு நீதிமன்ற அறைகூட இல்லை. இதையும் சட்டம் என்றே சொல்கிறார்கள், சொல்ல வெட்கப்படுவதுமில்லை.

ஒவ்வொரு திங்களும் சிமியோன் முகாம் வாசலுக்குப் போவார். சென்ற திங்கள் நானும் கூடப் போனேன். காவலுக்கு நின்றவன் பெயர்கள் எழுதிய கடதாசியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்: அப்படி ஒரு பெயர் இல்லை.

சிமியோன் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்தார். நிமிர்ந்து நின்றார்.

"சிமியோன் பிலிப்பு!"

காவல்காரன் துவக்கைத் தூக்கினான்.

"சிமியோன் பிலிப்பு!"

முள்ளுக்கம்பிக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. மூச்சை இழுத்து மூன்றாம் தரத்துக்கு வாயைத் திறந்தார். நான் காத்துக்கொண்டு நின்றேன்.

வாயை மூடிக்கொண்டு, சைக்கிளைத் திருப்பினார்.