செங்கால் கட்டையில் ஒரு கருகிய துளை

சனிக்கிழமை காலை கடையின் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன். ராசம்மா அக்காவின் மூத்த மகள் செல்வி வந்து வாசலில் நின்றாள். வழக்கமாக "மாமா, அம்மா இதைக் கேட்டாங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். அன்று நேராக வாசலில் கிடக்கும் மரக்கட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"அம்மா விடியக்காலையில போயிட்டாங்க மாமா. நேத்து ராத்திரி சாப்பிடுற வரைக்கும் நல்லாதான் இருந்தாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

கையில் இருந்த பலகையைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதைப் பிடித்தபடியே அழுதேன். செல்விதான் எழுந்து வந்து அதை வாங்கிச் சுவரில் சாய்த்தாள்.

மலாக்காவில் காஜா பெராங்கிலும் குருபோங்கிலும் பத்து பெரெண்டாமிலும் அவரை "டிரில் ராசம்மா" என்று அறிந்தவர்கள் நீங்கள். உங்களில் பலருடைய வீட்டுச் சுவரில் அவர் கைபட்ட துளைகள் இருக்கின்றன. அவரைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் ஒன்று உண்டு. பத்து வருடங்களாக நான் சொல்லாமல் வைத்திருந்தது அது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதன்முதலில் அவர் எங்கள் கடைக்கு வந்தது மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டு, அதற்கு இரண்டு மாதங்கள் முன்பு. கட்டுமானச் சாமான்களை விற்பதோடு இயந்திரங்களை நாள் வாடகைக்கும் விடும் கடை அது. நான் கவுண்டரில் நிற்பவன். தோட்டத்து வழக்கப்படி, காகிதமும் பேனாவும் வைத்திருக்கும் எவனும் அவருக்குக் கிராணிதான். கடைசி வரை என்னை அப்படியே கூப்பிட்டார். கூட அவருடைய கணவர் வேலாயுதம் வந்திருந்தார். இருவரும் குருபோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவர்கள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ஜூலை மாதக் கடைசிக்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. மூன்று பிள்ளைகள்.

போக இடம் இருந்தது, வீடுதான் இல்லை. கம்போங் செட்டியில் ஒரு பெரியவர் தம் வீட்டுக்குப் பின்னால் கிடந்த நிலத்தில் வீடு கட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். மரமும் கிடைத்திருந்தது. கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசர காலத்தில் தோட்டத்து வாசலில் கட்டியிருந்த காவல் சாவடியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். குண்டு துளைக்காமல் இருக்க, செங்கால் என்ற கெட்டி மரத்தின் உருண்டைக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய சாவடி. தேவையானவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்களாம். எல்லாரும் விறகுக்கு ஆகுமா என்று பார்த்துவிட்டுப் போக, அக்கா மட்டும் நான்கு சுவர்களாகப் பார்த்திருக்கிறார். மூலைகளில் கட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று உட்கார ஏற்கெனவே குடைந்திருந்தது. பழைய இரும்பு முளைகள்தான் துருப்பிடித்து உள்ளேயே முறிந்துபோயிருந்தன. ஆகவே அவற்றுக்குப் பக்கத்தில் புதிதாகத் துளையிட வேண்டும். மேல்கட்டையை முழுதும் கடந்து கீழ்க்கட்டையின் பாதிவரை துளை போக வேண்டும். அதில் இரும்புக் கம்பியைச் சம்மட்டியால் இறக்கினால்தான் கட்டைகள் உருளாமல் நிற்கும்.

இதையெல்லாம் அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பாதிதான் கேட்டேன். அப்போதுதான் எங்கள் கடைக்குப் பளபளவென்று சின்ன டிரில் ஒன்று வந்திருந்தது, துப்பாக்கி மாதிரி ஒற்றைக் கையில் பிடிப்பது. அதைக் காட்ட எனக்குக் கை அரித்தது. கவுண்டரில் வைத்திருந்த பால்மரப் பலகையில் கண் மூடித் திறப்பதற்குள் நான்கு துளை போட்டுக் காட்டினேன்.

"இதைவிட வேகமாச் சுத்துறது மலாக்காவுலயே கிடையாது அக்கா."

"எங்க கட்டை செங்கால் ஆச்சே கிராணி?"

"எதுவா இருந்தா என்ன? மரம் மரம்தானே!"

இந்தக் கடைசி வார்த்தையை இப்போது எழுதும்போதும் என் காது சூடாகிறது.

அந்தச் சின்ன டிரில்லையே வாடகைக்கு எடுத்துப் போனார்கள். மூன்றாம் நாள் மதியம் கடை வாசலில் ஒரு டிரைஷா வந்து நின்றது. பயணி உட்காரும் இடத்தில் இரண்டடி நீளத்துக்கு அறுத்த செங்கால் கட்டை உட்கார்ந்திருந்தது. அக்கா டிரில்லைப் பிடித்தபடி பின்னால் நடந்து வந்தார். அவருக்கும் பின்னால், வலது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வேலாயுதம். டிரைஷாக்காரரும் அக்காவுமாகக் கட்டையை இறக்கிக் கடைக்குள் உருட்டி வந்தார்கள். கடை முதலாளி தவுக்கே கிடங்குக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"பிட்டு உள்ள பாதி போனதும் இறுகிக்கிச்சு. மெஷின் இவரு கையைத் திருகிடுச்சு" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பால்மரம் வெட்டுகிறவருக்கு மணிக்கட்டுதான் சோறு. அது தெரிந்தும் நான், "சரியாப் பிடிச்சிருக்க மாட்டாரு" என்றேன்.

"சரி. எப்டிப் பிடிக்கணும்னு நீங்க காட்டுங்க."

கட்டையைத் தரையில் கிடத்தி, உருளாமல் காலால் மிதித்துக்கொண்டார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு ஆரம்பித்தேன். முதல் இரண்டு அங்குலம் இறங்கியது. பிறகு முனகியது. பிறகு துளையிலிருந்து புகை வந்தது. விடாப்பிடியாக அழுத்தினேன். சட்டென்று பிட் நின்றது. டிரில் சுழன்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் கவுண்டரில் மோதியது. மூக்குக் கண்ணாடி எங்கோ பறந்தது. நான் குப்புற விழாதது ஒன்றுதான் குறை.

வேலாயுதம் என் கண்ணாடியைத் தேடி எடுத்து, இடது கையால் துடைத்துக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தவுக்கே உள்ளே வந்தார். கருகிய நெடி, கவுண்டரில் கீறல், நடுக்கடையில் மரக்கட்டை. யார் வேலை இது என்று மலாயில் கத்தினார். அதற்கு முந்தின மாதம்தான் வேறொரு வாடிக்கையாளருக்குத் தவறான சாமானைக் கொடுத்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு புகார் வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று அவர் சொல்லியிருந்தார். என் வாய் திறக்கவில்லை.

அக்கா மலாயில் நிதானமாகச் சொன்னார்: "நான்தான் போட்டேன் தவுக்கே. எனக்குப் பிடிக்கத் தெரியல."

தவுக்கே முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். நான் குரலைத் தாழ்த்தி, "ஏன் அக்கா அப்டிச் சொன்னீங்க?" என்றேன்.

"எங்களத்தான் லயத்த விட்டு வெளிய தள்ளுறாங்க. உங்களையும் தள்ளணுமா? அப்புறம் எனக்கு நல்ல டிரில்லை யாரு எடுத்துக் காட்டுவா? போங்க, இருக்கறதையெல்லாம் எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தேன். முதலில் கையால் திருகும் நீண்ட துரப்பணம். அது செங்காலை ஒழுங்காகத்தான் தின்றது. ஆனால் ஒரு துளைக்கு முக்கால் மணி நேரம். "இது நல்ல சாமான். ஆனா தீபாவளிக்குத்தான் வீடு முடியும்" என்று ஒதுக்கினார். அடுத்து நடுத்தர அளவில் ஒன்று. அதுவும் பாதியில் திணறியது. கடைசியாக, மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய பெரிய டிரில். இரண்டு பக்கமும் கைப்பிடி. தூக்கவே மூச்சு வாங்கும். மெதுவாகச் சுற்றும் என்பதால் யாரும் வாடகைக்குக் கேட்பதில்லை. நானும் யாருக்கும் சொல்வதில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓட்டினோம். செங்கால் சுருள் சுருளாகச் சிவந்து வெளியே வந்தது. புகை இல்லை. நடுவில் ஒருமுறை இறுகியபோதும் இரண்டு பேர் பிடியில் இயந்திரம் அடங்கி நின்றது.

அன்று அவர் சொன்னதைப் பிறகு நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். "எவ்ளோ வேகமாச் சுத்துதுன்னு பாக்காதீங்க கிராணி. பிட்டு நின்னுச்சுனா மெஷின் யாரைச் சுத்தும்னு பாருங்க."

இயந்திரம் கிடைத்துவிட்டது. மறுபக்கம் பிடிக்க ஆள் இல்லை. வேலாயுதத்தின் கை அப்படி ஆனதற்கு யார் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா அதைச் சொல்லிக் காட்டவில்லை. "ஞாயித்துக்கிழமை கடை பூட்டுதானே?" என்று மட்டும் கேட்டார். போனேன். அந்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும், நடுவில் கடை முடிந்த சாயங்காலங்களும் போனேன். பழைய முளைகள் முறிந்து கிடந்த இடங்களில் சுண்ணாம்புக் கட்டியால் பெருக்கல் குறி போட்டிருந்தார், பிட் இரும்பில் போய் முட்டாமல் இருக்க. இரண்டு அங்குலம் இறங்கியதும் டிரில்லை மேலே தூக்கச் சொல்வார். தூளை வெளியே இழுத்த பிறகுதான் மறுபடி இறக்குவார். எனக்கு அவசரம். "இன்னும் கொஞ்சம் போயிரலாம் அக்கா" என்பேன். "உங்க கொஞ்சத்த நான் ஏற்கெனவே பாத்துட்டேன்" என்பார்.

மின்சாரம் நிலம் கொடுத்த செட்டிப் பெரியவரின் வீட்டிலிருந்துதான் வந்தது. பெரிய டிரில் முதல்முறை உறுமியதுமே அவர் வீட்டு பியூஸ் போய்விட்டது. அவர் கேட்டுக்கொண்டிருந்த வானொலியும் நின்றது. அவர் வெளியே வருவதைப் பார்த்ததும், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மலாக்காச் செட்டிகள் பல தலைமுறையாக மலாய் பேசுகிறவர்கள்; அவருக்குத் தமிழ் வராது. அவர்கள் வீட்டு மலாயில் சாமி பெயரும் சடங்குகளின் பெயரும் மட்டும் தமிழில் வந்து விழும். அக்கா தோட்டத்து மலாயில் மன்னிப்புக் கேட்டார். பெரியவர் கட்டையைத் தட்டிப் பார்த்தார், துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், உள்ளே போய் பியூஸ் கம்பியோடு வந்தார். சத்தம் கேட்கிற வரைக்கும் தம் வீட்டில் ஒரு விளக்குகூடப் போட மாட்டோம், வேலையை முடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே செய்தார். பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்குகிற வரை நாங்கள் துளையிட்ட நாட்களில் அந்த வீடு எங்களுக்காக இருட்டில் காத்திருந்தது.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது கடைசிக் கம்பியை இறக்கினோம். கூரையில் பாதிக்குத்தான் அத்தாப்பு ஓலை வேய்ந்திருந்தது. அதற்குள் தோட்டத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள் இன்னொரு தடை போட்டார்கள்: ஆடி மாதம், குடிபோகக் கூடாது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆடி மாசம் லயத்த விட்டுத் தொரத்தலாம். ஆடி மாசம் சொந்த வீட்டுக்குள்ள போகக் கூடாதா? பாலைக் காய்ச்சுங்கடி." பால் காய்ச்சினார்கள். பெரியவர் வீட்டம்மா ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்தார். நான் இரண்டு தம்ளர் பால் குடித்தேன்.

சுதந்திர தினத்தன்று நான் குடும்பத்தோடு அங்கே போயிருந்தேன். டிரில்லுக்கு இழுத்த அதே கம்பியைப் பெரியவர் நிரந்தரமாக்கி, அக்கா வீட்டில் ஒரு பல்பு எரிய விட்டிருந்தார். வானொலியை எல்லாருக்கும் கேட்கும்படி சன்னலில் வைத்திருந்தார். பிள்ளைகள் மெர்டேக்கா என்று கத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினார்கள். துணி அவிழ்த்த கையால் வேலாயுதம் எனக்குத் தேநீர் கொடுத்தார்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். தோட்டங்கள் விற்கப்பட விற்கப்பட, லயத்தை விட்டு வந்தவர்கள் பழைய பாலத்துக் கட்டை, தந்திக் கம்பம் என்று கிடைத்ததைக் கொண்டு வீடு கட்டினார்கள். டிரில் பிடிக்க அக்காவைக் கூப்பிட்டார்கள். யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உங்க மரத்துல ஒரு துண்டு கொண்டாந்தீங்களா?" பழைய இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவரும் அல்ல. இறுகினால் தானே நழுவிக்கொள்ளும் புது டிரில் வந்தபோது முதலில் வந்து ஓட்டிப் பார்த்தவர் அவர்தான். "அந்தப் பழைய எருமைய யாராச்சும் விரும்பினா குடுத்துருங்க கிராணி. என் இடுப்பு போச்சு" என்றார்.

அந்தச் செங்கால் கட்டையை அவர் திரும்ப எடுத்துப் போகவில்லை. அடுத்து வருகிறவர்களும் அதில் போட்டுப் பார்க்கட்டும் என்று கடை வாசலிலேயே விட்டுவிட்டார். இன்று அதில் துளைகளை எண்ண முடியாது. அவற்றில் ஒன்று மட்டும் கறுத்து, பாதியிலேயே நின்றுபோனது. பார்க்கிறவர்கள் எல்லாம் அதைக் காட்டிக் கேட்பார்கள். அக்கா பக்கத்தில் இருந்தால் உடனே, "நான்தான் போட்டேன். அவசரக்குடுக்கை" என்று சிரிப்பார். நான் கணக்குப் புத்தகத்தில் எதையோ எழுதுகிற மாதிரி குனிந்துகொள்வேன். தவுக்கே ஓய்வு பெற்று, மகன் பொறுப்புக்கு வந்த பிறகும் அப்படித்தான். இனி என்ன பயம்? பழகிவிட்டது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை அந்த வீட்டில் உட்கார இடம் இல்லை. கம்போங் செட்டிக்காரர்கள் வந்திருந்தார்கள். குருபோங்கிலிருந்து லாரி பிடித்து வந்திருந்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். என் தோள் உயரத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட துளையின் கம்பித் தலை தெரிந்தது. பத்து வருட மழைக்குப் பிறகும் கட்டைகளுக்கு நடுவில் ஒரு தாள்கூட நுழையாது. வேலாயுதம் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பத்து வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டேன்.

"அவ அப்பவே சொல்லிட்டா கிராணி," என்றார். "'அந்தாளு வாய் திறந்து கேக்க மாட்டாரு. ஆனா ஞாயித்துக்கிழமை தவறாம வருவாரு பாரு'ன்னா."

திங்கட்கிழமை கடை திறந்ததும், பத்து பெரெண்டாமிலிருந்து ஒருவர் தம் மரத்துண்டோடு வந்தார். யார் சொல்லி அனுப்பியது என்று நான் கேட்கவில்லை. டிரில்லைக் கையில் வாங்கும் முன் அவர் வாசல் கட்டையைக் குனிந்து பார்த்தார்; கருகிய துளைக்குள் விரலை விட்டார்.

"இது யாரு போட்டது?"

ராசம்மா அக்கா விட்டுப்போனவற்றில் எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தத் துளையும் அதற்கான பதிலும்தான். அவர் சொல்லும்போது பொய்யாக இருந்தது, என் வாயில் முதல்முறையாக உண்மையாயிற்று.

"நான்தான் போட்டேன்" என்றேன்.