தண்ணீர் தராத மூன்று கிணறுகள்

கிணறு வெட்டிக் கொடுப்பவனை ஊர் வாழ்த்தும். யாரும் ஒரு வாய் தண்ணீர் எடுக்க முடியாத கிணற்றை இறக்கிவிட்டு, அதை அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது, நிலத்தடி நீர் அளக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியும்.

பூட்டு

இலங்கையில் நிவித்திகலவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். பெக்டரியின் கழிவுக் குளத்துக்குக் கீழே தொழிலாளர் வீட்டு வரிசையான லயம். லயத்துக் குடிகிணற்றில் சில மாதங்களாகப் புளித்த நாற்றம். குளத்து நீர்தான் நிலத்தடியில் இறங்கி வருகிறதா என்று கண்டுபிடிக்க எங்களை அழைத்திருந்தார்கள். குளத்தோரம், நடுச்சரிவு, லயத்தோரம் என மூன்று இடங்களில் துளையிட்டு, கை நுழையாத பிளாஸ்டிக் குழாய்களை இறக்கி, மூடி போட்டுப் பூட்டினோம். எங்கள் தொழிலில் இதற்குக் கண்காணிப்புக் கிணறு என்று பெயர். லயத்து லெட்சுமி அக்கா பூட்டை இழுத்துப் பார்த்தார்.

"குடிக்கிற கெணத்துக்கு ஒரு மூடிகூட இல்ல. குடிக்காத கெணத்துக்குப் பூட்டா? உள்ள என்னங்க தம்பி வச்சிருக்கீங்க?"

சேறு

புதுக் குழாயில் முதலில் சேறுதான் வரும். தெளியும்வரை கலக்கி, இறைத்துக் கொட்ட வேண்டும். ஆனால் இது மாணிக்கக்கல் பூமி. லெட்சுமி அக்காவின் கணவர் முத்தையா, மழையில் ரப்பர்ப் பால்வெட்டு நிற்கும் நாட்களில் மாணிக்கக் குழிக்குப் போகிறவர். கல் அலசும் மூங்கில் கூடையான வட்டியோடு வந்து, நாங்கள் கொட்டிய சேற்றையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் ஓடையில் அலசினார். மதியம்வரை அலசியதில் களிமண், கூழாங்கல், எங்கள் ஆள் தவறவிட்ட ஒரு நட்டு. நிமிர்ந்து என்னைப் பார்த்து, சிங்கள மரியாதையோடு கேட்டார்.

"நல்ல கல்லெல்லாம் மேல வர்றதுக்கு முன்னயே எடுத்துட்டீங்க, அப்படித்தானே மாத்தயா?"

மட்டம்

மூன்று குழாய் வாய்களின் உயர வித்தியாசம் தெரியாமல், நீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று சொல்ல முடியாது. முக்காலியில் மட்டக்கருவியை நிறுத்தியதுமே, லயத்தை அளந்து யாருக்கோ கொடுக்கப் போகிறோம் என்று செய்தி பரவி, பெண்கள் அளவுகோலை மறைத்துக்கொண்டு நின்றார்கள். லெட்சுமி அக்காவைக் கூப்பிட்டுக் கருவிக்குள் பார்க்கச் சொன்னேன். கருவிக்குள் தெரிந்த பெக்டரி ஜன்னலில், அதன் பொறுப்பதிகாரியான பெக்டரி ஐயா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீசகூடத் தெரியுது. அவருகிட்டயும் இப்படி ஒண்ணு இருக்குமோ?"

முள்ளம்பன்றி

நீர்மட்டம் குளத்தோரத்தில் உயரம், லயத்தோரத்தில் தாழ்வு. நடுக்குழாயிலும் அதே புளித்த நாற்றம். பெக்டரி ஐயாவிடம் சொன்னேன். "எதுக்கும் இன்னொருக்கா அளங்க" என்றார்.

மறுவாரம் போனால், குளத்தோரக் குழாய் ஒரு சாண் குட்டையாகியிருந்தது. ரம்பத்தால் அறுத்த மாதிரி நேரான வெட்டு. குழாயைக் குறைத்தால் உள்ளே நீர்மட்டமும் குறையும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள். ஐயோ பாவம்! நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைக் குழாய் வாயிலிருந்துதானே அளக்கிறோம். குழாய் வாயின் பழைய உயரத்தையே வைத்து நான் கணக்குப் போட்டிருந்தால், குளத்தோர நீர் இன்னும் ஒரு சாண் உயர்ந்தல்லவா காட்டியிருக்கும்! ஒழுங்காக மறுபடி மட்டம் பார்த்தேன், விடை மாறவில்லை. பெக்டரி ஐயா அந்த வெட்டைத் தடவிப் பார்த்தார்.

"முள்ளம்பன்னி கடிச்சிருக்கும் தம்பி. இந்தப் பக்கம் ஜாஸ்தி."

முதல் கோப்பை

அறிக்கைக்குப் பிறகு குடிகிணற்றை மூடி, மலை மேலிருந்த ஊற்றிலிருந்து லயத்துக்குக் குழாய் இழுத்தார்கள். திறந்துவைக்க பெக்டரி ஐயா வந்தார்; என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். லெட்சுமி அக்கா ஒரு கோப்பை நிறையப் பிடித்து, அவரிடம் நீட்டினார்.

"மொதல்ல நீங்க குடிங்கய்யா. அப்புறம் தம்பி குடிக்கட்டும். ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்கன்னு நாளைக்குப் பாத்துட்டு நாங்க குடிக்கிறோம்."

இருவரும் குடித்தோம்; நான் அன்றிரவு தோட்டத்திலேயே தங்கினேன். மறுநாள் காலை லயமே திரண்டு வந்து என்னை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்ததுதான், இத்தனை வருடத்தில் என் வேலைக்கு நடந்த ஒரே முறையான தரப் பரிசோதனை.