துஷ்டிக்கு வந்த லேப்டாப்

தேவகனி எங்கள் கிளியரிங் ஏஜென்சியில் பில் போடுகிறவள். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து போகும் நிலாவாரை மருந்து இலை மூட்டைகளுக்கெல்லாம் அவள்தான் காகிதம் தயார் செய்வாள். லீவு கேட்டு வாய் திறந்ததில்லை.

போன மாசம் இஸ்ரேலில், ஹைஃபாவில் எங்கள் மூலமாக இலை வாங்கும் யூத வியாபாரியின் அப்பா இறந்துபோனார். வியாபாரியின் ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. அவர்கள் வழக்கப்படி ஏழு நாள் அவர் வேலையைத் தொட மாட்டாராம். கிழித்த சட்டையோடு தாழ்வான முக்காலியில் உட்கார்ந்திருப்பாராம். வீட்டுக் கண்ணாடியை எல்லாம் துணி போட்டு மூடிவிட்டார்களாம், சாப்பாடு அக்கம்பக்கத்தார் கொண்டுவருவார்களாம். எங்கள் மேனேஜர் அருமைநாயகம் அப்படியே உருகிப்போனார். "துக்கத்துக்கு ஒரு மரியாத வேணும்லா! ஒருத்தரும் அவருக்கு மெயில் போடப்படாது" என்று உத்தரவு.

இந்த மாசம் தேவகனியின் புருஷன் செந்தில்வேல் லாரி மோதிச் செத்துப்போனான். போலீஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைகள் என்று ஓடின ஓட்டத்தில் அவள் அழக்கூட இல்லை. சுடுகாட்டில் காடாத்து முடிந்து சொந்தபந்தம் கலைந்த பிறகுதான் சுவரோரம் ஓய்ந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

அப்போது வந்தார் அருமைநாயகம். துஷ்டி கேட்க வருகிற மனுஷன் கையில் லேப்டாப்! செந்தில்வேல் போட்டோவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஹைஃபா சரக்கு நிக்கும்மா. நாளைக்குக் கப்பலு. அந்தக் கணக்கு ஒனக்குத்தான தெரியும், ரெண்டே நிமிசம்."

"வெக்கமா இல்லியா சார்?" என்று கேட்டேவிட்டேன்.

"நீ சும்மா இரு ரம்யா" என்றார், பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த கடுங்காப்பியை உறிஞ்சிக்கொண்டே. த்தூ, என்ன ஜென்மமோ!

தேவகனி லேப்டாப்பை வாங்கினாள். பில் போடவில்லை. என் கணவர் இறந்துவிட்டார், நானும் உங்களைப்போல் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஹைஃபாக்காரருக்கு எழுதினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். சரக்கு அடுத்த கப்பலில் வரட்டும், இந்த நேரத்தில் உங்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தது யார், மூடிவையுங்கள், பக்கத்தில் இருந்தால் வந்து பேசாமல் உங்கள்கூட உட்கார்ந்திருப்பேன் என்று எழுதியிருந்தார்.

அருமைநாயகத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியாம்மா, எவ்வளவு நல்ல மனுசன்! ஹைஃபா சோலி முடிஞ்சிட்டு. இப்ப ஒனக்கு டைம் இருக்குல்லா, அந்த ஜெர்மனி பில்ல மட்டும் போட்டுரு."

தேவகனி அவரையே பார்த்தாள். "எம் புருசன் செத்துப்போயிட்டாரு சார்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. வாய்விட்டு அலறினாள். மடியிலிருந்த லேப்டாப் நழுவித் தரையில் விழுந்தது.

அருமைநாயகம் பதறிக் குனிந்து அதைத்தான் எடுத்தார்.